டிராஃப்டில் பெயர் வராத டிஃபென்ஸ் ஆட்டக்காரன்: ஒப்பந்தமா, பல்கலைக்கழகமா?

கேள்வி

வணக்கம். நாங்கள் ஸ்காபரோவில் இருக்கிறோம். என் மூத்த மகனுக்கு வரும் ஓகஸ்டில் 21 வயது. ஓ.எச்.எல் என்ற ஒன்ராறியோ ஜூனியர் ஐஸ் ஹொக்கி லீக்கில் நான்கு சீசன் ஆடி முடித்துவிட்டான். வலக்கை டிஃபென்ஸ், அதாவது பின்னால் நின்று எதிரணியைத் தடுக்கிறவன். இந்த சீசனில் கோலும் அசிஸ்டும் சேர்த்து 19 புள்ளிதான். ஆக மேலே உள்ள என்.எச்.எல் லீக்கின் அணிகள் இளம் ஆட்டக்காரரைத் தெரிவு செய்யும் டிராஃப்டில் மூன்று தடவையும் அவன் பெயர் வரவில்லை. இப்போது அதற்கு அடுத்த படியான ஏ.எச்.எல் லீக்கின் அணி ஒன்று ஒரு வருட ஒப்பந்தம் தருவதாகச் சொல்கிறது. ஆனால் தொடக்கத்தில் அதற்கும் ஒரு படி கீழே உள்ள ஈ.சி.எச்.எல் லீக்கின் அணிக்கு அனுப்பக்கூடும் என்கிறார்கள். அதே நேரம் ஒன்ராறியோவில் ஒரு பல்கலைக்கழகம் தன் ஹொக்கி அணியில் இடம் தருகிறது, ஓ.எச்.எல் ஸ்கொலர்ஷிப்பில் படிக்கலாம். கணவர் படிப்புத்தான் என்கிறார். "இப்ப போகாவிட்டால் இனி இல்லை" என்று சொல்லிவிட்டு மகன் எங்களோடு சரியாகக் கதைப்பதில்லை. என் தம்பியோ, "மூன்று தடவை எடுக்காதவனை இனி யார் எடுப்பார்கள், கோலும் அடிக்கிறானில்லை" என்கிறான். நாங்கள் என்ன செய்யலாம்?

பதில்

அன்புள்ள சகோதரி,

உங்கள் தம்பி சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன். வீட்டில் எல்லோர் மனதையும் அரிப்பது அதுதான் என்று கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது.

என்.எச்.எல் டிராஃப்டில் 32 அணிகள் ஏழு சுற்றில் 224 பேரை எடுக்கின்றன. அவர்களில் பெரும்பாலானவர்கள் 18 வயதுப் பிள்ளைகள். அந்த வயதில் ஒரு ஃபோர்வேர்ட், அதாவது முன்னால் ஆடி கோல் அடிக்கிறவன், எவ்வளவு தூரம் போவான் என்று ஓரளவுக்குக் கணிக்கலாம். கோல் அடிக்கிற கையும் வேகமும் நேரத்தோடேயே வெளியில் தெரிந்துவிடும். டிஃபென்ஸ் ஆட்டக்காரனைக் கணிப்பது பெரிய சிரமம். பல வருடமாக இவர்களோடுதான் வேலை செய்கிறேன், 18 வயதுப் பையன் ஒருவனைக் காட்டிக் கேட்டால் இன்றைக்கும் நான் தயங்குவேன்.

நிக்லஸ் லிட்ஸ்ட்ரோமை 1989இல் 53ஆவது ஆளாகத்தான் எடுத்தார்கள். ஸ்டேனோ சாரா 1996இல் 56ஆவது. டங்கன் கீத் 2002இல் 54ஆவது. ஐம்பதுக்கு மேற்பட்ட பெயர்களை வாசித்த பிறகுதான் இந்த மூன்று பேரின் முறை வந்தது. லீக்கின் மிகச் சிறந்த டிஃபென்ஸ் ஆட்டக்காரருக்குக் கொடுக்கும் நோரிஸ் கோப்பையை பிறகு லிட்ஸ்ட்ரோம் ஏழு தடவை வாங்கினார், கீத் இரண்டு தடவை, சாரா ஒரு தடவை. லிட்ஸ்ட்ரோமுக்கு முதல் நோரிஸ் கிடைத்தபோது வயது 31.

அவர்களை எடுக்கவாவது எடுத்தார்களே என்று உங்கள் தம்பி கேட்கக்கூடும். சரி, மார்க் ஜியோர்டானோவைப் பாருங்கள். ரொறன்ரோவில் பிறந்தவர். ஓ.எச்.எல்லில் ஓவன் சவுண்ட் அணிக்கு இரண்டு சீசன் ஆடினார். டிராஃப்டில் யாரும் தொடவில்லை. யோர்க் பல்கலைக்கழகத்தில் படிக்கலாம் என்று இருந்தவரை 2004 கோடையில் கல்கரி அணி முகாமுக்குக் கூப்பிட்டது. போனார், ஒப்பந்தம் கிடைத்தது. ஆனால் அந்த 2004-05 சீசனில் லொக்கவுட், அதாவது அணி உரிமையாளர்களுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் இடையிலான சம்பளத் தகராறு, என்று என்.எச்.எல் முழுவதுமே மூடிக் கிடந்தது. அவர் ஏ.எச்.எல்லில் லோவல் அணிக்கு ஆடினார், அடுத்த வருடம் ஒமாஹா. பிறகு மேலே போய்க் கொஞ்சம் ஆடியும் கல்கரியோடு ஒப்பந்தம் சரிவராமல் 2007-08 சீசனை மொஸ்கோவில் டைனமோ அணியில் கழித்தார். திரும்பி வந்தவர் 2013இல் கல்கரியின் கப்டன். நோரிஸ் கோப்பை 2019இல், 35 வயதில்.

இப்படி எல்லோருக்கும் நடக்கும் என்று சொல்ல நான் வரவில்லை. ஓர் அணி ஓர் ஆட்டத்தில் ஆறு டிஃபென்ஸ் ஆட்டக்காரர்களை இறக்கும். 32 அணிக்குக் கணக்குப் பார்த்தால் உலகம் முழுவதிலும் 192 இடம். அதற்கு கனடா, அமெரிக்கா, சுவீடன், பின்லாந்து, ரஷ்யா, செக், ஸ்லோவாக்கியா என்று எல்லா நாட்டுப் பிள்ளைகளும் வரிசையில் நிற்கிறார்கள். ஆகவே உங்கள் மகன் என்.எச்.எல் போவான் என்றோ போகமாட்டான் என்றோ நான் எழுதப் போவதில்லை. டிராஃப்டில் பெயர் வராததை மட்டும் வைத்துக் கதவை மூடவேண்டாம்.

இந்த இடத்துக்கு ஏன் இவ்வளவு காலம் எடுக்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது விளங்கினால் ஒப்பந்தமா படிப்பா என்ற கேள்வியும் பாதி தெளிந்துவிடும்.

அடுத்த தடவை மகனின் ஆட்டம் ஒன்றின் வீடியோ பார்த்தால், பக் என்ற அந்த ரப்பர் தட்டு இருக்கிற இடத்தை விட்டுவிட்டு அவனையே பாருங்கள். எதிரணி நடுவிலிருந்து பக்கை மூலைக்கு அடித்துவிட்டுத் துரத்தி வருகிறது. உங்கள் மகன் திரும்பி அதை எடுக்க ஓடுகிறான். முதுகுக்குப் பின்னால் 200 பவுண்டு ஆள் ஒருவன் முழு வேகத்தில் வருகிறான். பக்கைத் தொடுவதற்கு முன் தோளுக்கு மேலாக ஒரு பார்வை, இரண்டடி கழித்து மறுபக்கத் தோளுக்கு மேலாக இன்னொரு பார்வை. வருபவன் எந்தப் பக்கமாக வருகிறான், கோல் காப்பவனுக்கு அந்தப்புறம் தன் ஜோடி டிஃபென்ஸ் எங்கே நிற்கிறான், பனித்தளத்தைச் சுற்றியுள்ள பலகையோரம் தன் ஃபோர்வேர்ட் இறங்கி வந்துவிட்டானா, எல்லாவற்றையும் அந்த இரண்டு பார்வையில் எடுத்துக்கொள்ள வேண்டும். வலைக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு போவதா, வந்த வழியே பக்கைத் திருப்பி ஜோடிக்கு விடுவதா, பலகையோரமாக மேலே அனுப்புவதா என்று ஸ்டிக் பக்கில் படுவதற்கு முன்பே முடிவு எடுத்திருக்க வேண்டும். தொட்ட பிறகு யோசித்தால் பலகைக்கு மேலுள்ள கண்ணாடியில் முகத்தோடு மோதவேண்டியதுதான்.

ஓர் ஆட்டத்தில் இது திரும்பத் திரும்ப நடக்கும். சரியாகச் செய்தால் அரங்கில் ஒருவரும் கைதட்டமாட்டார்கள், பக் அமைதியாக வெளியே போய்விடும். ஒரே ஒரு தடவை பிழை விட்டால் கோல் விழும், அடுத்த நாள் எல்லோரும் அதைத்தான் பார்ப்பார்கள். பின்னோக்கி ஸ்கேட் பண்ணிக்கொண்டே வருபவனுக்கும் தனக்கும் இடையில் எவ்வளவு தூரம் விடுவது, எந்த நொடியில் தன் பகுதியின் எல்லையான நீலக்கோட்டில் எழுந்து நிற்பது, எப்போது விட்டுக்கொடுத்துப் பின்வாங்குவது, இதெல்லாமும் அப்படித்தான். வயதில் மூத்த, வேகமான, தந்திரமான ஆட்களோடு நூற்றுக்கணக்கான ஆட்டம் ஆடித்தான் கண்ணும் காலும் பழகவேண்டும். கீத் டிராஃப்டில் எடுக்கப்பட்ட பிறகும் நோர்ஃபோக் என்ற ஏ.எச்.எல் அணியில் முழுதாக இரண்டு சீசன் ஆடினார். அதற்குப் பிறகுதான் 2005-06இல் சிக்காகோவில் இறங்கினார். என்.எச்.எல்லை வெல்லும் அணிக்குக் கொடுக்கும் ஸ்டான்லி கோப்பைகள் மூன்றும் பிறகு வந்தவை.

கோல் அடிக்கவில்லை என்ற குறைக்கு வருகிறேன். இதில் எனக்கு உண்மையிலேயே கோபம் வரும், ஏனென்றால் நல்ல பிள்ளைகள் பலர் இந்த ஒரு சொல்லால் மனம் உடைந்து போயிருக்கிறார்கள். உங்கள் கடிதத்தில் 19 புள்ளி என்று இருக்கிறது. ஓர் ஆட்டத்தில் எத்தனை நிமிடம் ஆடுகிறான், யாருக்கு எதிராக ஆடுகிறான், அணியில் ஒருவர் தவறு செய்து பெனால்டியில் வெளியே உட்கார்ந்திருக்கும்போது அவனை இறக்குகிறார்களா, கடைசி நிமிடத்தில் ஒரு கோல் முன்னணியில் இருக்கும்போது அவன் பனியில் நிற்கிறானா, இவை ஒன்றுமே அதில் இல்லை. அவற்றைத்தான் அவனிடமும் அவன் கோச்சிடமும் கேட்கவேண்டும். கரோலைனா அணியின் ஜேக்கப் ஸ்லேவின் 2012இல் 120ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர், கொலராடோ கல்லூரியில் படித்து ஆடியவர். புள்ளிப் பட்டியலில் அவரை மேலே தேடிக் கண்டுபிடிக்க முடியாது. எதிரணியின் சிறந்த வரிசைக்கு எதிராக ஒவ்வொரு இரவும் அவரைத்தான் இறக்குவார்கள். 2020-21இல் 52 ஆட்டத்தில் மொத்தமே இரண்டு நிமிடம்தான் பெனால்டி வாங்கினார். ஆளை இழுக்காமல், தட்டாமல், காலையும் ஸ்டிக்கையும் மட்டும் வைத்துத் தடுக்கிற அந்த நேர்த்தி எனக்குப் பெரிய அழகு. உங்கள் மகன் அந்த வகை என்றால் அவனுக்கு வேலை இருக்கிறது.

இன்னொன்று, அவன் வலக்கை. டிஃபென்ஸில் இடக்கை ஆட்டக்காரர்கள்தான் அதிகம். ஜோடியில் ஒருவர் இடக்கை, ஒருவர் வலக்கை என்று இருந்தால் பலகையோரம் பக்கை எடுப்பதும் கொடுப்பதும் சுலபம் என்பதால் வலக்கைக்காரரை எல்லா அணிகளும் தேடுகின்றன. ஏ.எச்.எல் அணி ஒன்று அவனைக் கேட்டதில் இதற்கும் பங்கு இருக்கும்.

இனி அந்த ஒப்பந்தம். இதில் பெற்றோர் பலர் குழம்புவதால் விவரமாக எழுதுகிறேன். உங்களுக்குச் சொல்லப்பட்டிருப்பது ஏ.எச்.எல் ஒப்பந்தம், என்.எச்.எல் ஒப்பந்தம் இல்லை. ஒவ்வொரு என்.எச்.எல் அணியும் 50 ஒப்பந்தங்களுக்கு மேல் வைத்திருக்க முடியாது. அதனால் அந்த 50க்குள் வராத பிள்ளைகளோடு ஏ.எச்.எல் அணி நேரடியாகக் கையெழுத்துப் போட்டுக்கொள்கிறது. இந்த ஒப்பந்தத்தில் இருப்பவனை அப்படியே என்.எச்.எல்லுக்கு மேலே கூப்பிட முடியாது. முதலில் அவனோடு என்.எச்.எல் ஒப்பந்தம் போடவேண்டும். சம்பளமும் வேறு உலகம். என்.எச்.எல்லில் 2025-26 சீசனுக்கு ஆகக் குறைந்த சம்பளமே 775,000 டொலர். ஈ.சி.எச்.எல்லில் சீசன் நடக்கும் காலத்துக்கு மட்டும் வாரச் சம்பளம், சில நூறு டொலர் அளவில்தான், தங்குமிடம் அணி தரும். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் தொடர்ந்து ஆட்டம் வரும், இடையில் இரவு முழுக்க பஸ்.

கேட்க வயிறு கலங்கும், ஆனால் கேவலமான இடம் இல்லை. அணியில் ஆட்கள் குறைவு, ஆகவே 21 வயதுப் பிள்ளைக்கு நிறைய நிமிடங்கள் கிடைக்கும். ஏ.எச்.எல்லில் ஏழாவது, எட்டாவது டிஃபென்ஸாக கோட் சூட்டோடு மேலே உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பதைவிட, கீழே முதல் ஜோடியில் ஆடுவது நல்லது என்பேன். அங்கே கற்றுக்கொண்டு ஏ.எச்.எல் போகிறவர்கள் உண்டு, இன்று என்.எச்.எல்லில் ஆடுபவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் அளவில் ஏ.எச்.எல் வழியாக வந்தவர்கள்.

அணியிடம் நேரே கேளுங்கள்: கீழே அனுப்பினால் எந்த ஜோடியில் ஆடுவான்? அவன் ஆட்டத்தைப் பார்த்து வாராவாரம் வீடியோவோடு திருத்தப் போகிறவர் யார்? அமெரிக்க அணி என்றால் விசாவையும் மருத்துவக் காப்புறுதியையும் யார் பார்க்கிறார்கள், சீசன் முடிந்த பிறகு காயத்துக்கு வைத்தியம் தேவைப்பட்டால் யார் பணம் கட்டுவது? "பார்க்கலாம்", "அவனைப் பொறுத்தது" என்ற பதில்தான் எல்லாவற்றுக்கும் வருகிறது என்றால் அந்த அணி அவனை ஒரு எண்ணிக்கைக்காக எடுக்கிறது என்று விளங்கிக்கொள்ளலாம். முகவர் ஒருவர் இருக்கிறார் என்றால் அவர் என்.எச்.எல் வீரர் சங்கத்தின் சான்று பெற்றவரா என்றும் பாருங்கள்.

உங்கள் கணவர் பக்கம் நிறைய நியாயம் இருக்கிறது. ஓ.எச்.எல்லில் ஆடிய ஒவ்வொரு சீசனுக்கும் ஒரு வருடப் படிப்புக்கான கட்டணமும் புத்தகமும் என்பதுதான் அந்த ஸ்கொலர்ஷிப்பின் அடிப்படை. நான்கு சீசன் என்றால் ஒரு முழு டிகிரி. அதை அவன் உடம்பால் உழைத்துச் சம்பாதித்திருக்கிறான். அதைக் காற்றில் விடக்கூடாது என்று தகப்பன் நினைப்பதில் ஒரு பிழையும் இல்லை. பல்கலைக்கழக ஹொக்கி என்றால் பொழுதுபோக்கு என்று மகன் நினைத்தால் அதையும் திருத்துங்கள். கனடியப் பல்கலைக்கழக அணிகளில் ஆடுபவர்களில் பெரும்பகுதி ஓ.எச்.எல் போன்ற ஜூனியர் லீக்குகளில் ஆடி முடித்தவர்கள், 21 முதல் 25 வயது வரை வளர்ந்த ஆட்கள். ஆட்டங்கள் பெரும்பாலும் வார இறுதியில். இடைப்பட்ட நாட்களில் பயிற்சிக்கும் உடம்பை ஏற்றுவதற்கும் நேரம் கிடைக்கும்.

ஜோயல் வார்ட் என்று ஒருவர். அவரும் ரொறன்ரோப் பிள்ளை, அவரும் ஓவன் சவுண்டில் ஆடியவர், அவரையும் டிராஃப்டில் எடுக்கவில்லை. அவர் ஃபோர்வேர்ட், ஆனால் பாதை உங்கள் மகனுடையதுதான். ஜூனியர் முடிந்ததும் பிரின்ஸ் எட்வர்ட் தீவுப் பல்கலைக்கழகத்துக்குப் போய் நான்கு வருடம் படித்து ஆடினார். பிறகு ஏ.எச்.எல்லில் ஹூஸ்டன். அப்புறம் என்.எச்.எல்லில் 700 ஆட்டங்களுக்கு மேல் ஆடினார். ஒரே ஊரில் பிறந்து ஒரே சிறிய ஊரில் ஜூனியர் ஆடிய இருவரில் ஜியோர்டானோ பல்கலைக்கழகத்தைத் தள்ளிவைத்துப் போனார், வார்ட் அதன் வழியாகவே போனார். "இப்ப போகாவிட்டால் இனி இல்லை" என்று மகன் சொல்வது அவனுடைய பயம். அந்தப் பயத்தை மதியுங்கள், அதை உண்மை என்று எடுத்துக்கொள்ளவேண்டாம்.

உங்கள் வீட்டில் கதைத்துப் பார்க்காத மூன்றாவது வழியும் ஒன்று உண்டு. 2025 ஓகஸ்டிலிருந்து ஓ.எச்.எல்லில் ஆடியவர்களும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் முதல் பிரிவில் ஆடலாம். அதுவரை அந்தக் கதவு முழுக்க மூடியிருந்தது. 21 வயதில் தொடங்குகிறவனுக்கு எத்தனை வருடம் மிஞ்சும் என்பதை அந்தந்தப் பல்கலைக்கழகத்திடம்தான் கேட்கவேண்டும். எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் கேட்கவேண்டும், ஏனென்றால் சம்பளத்துக்கு ஆடத் தொடங்கினால் அந்த உரிமை போய்விடக்கூடும்.

என் முடிவைச் சொல்கிறேன். தொழில்முறை ஒப்பந்தம் போட்டால் அந்த ஸ்கொலர்ஷிப் எவ்வளவு காலம் உயிரோடு இருக்கும், எந்தத் திகதிக்குள் படிப்பைத் தொடங்கவேண்டும், எத்தனை ஆட்டம் ஆடினால் அது போய்விடும் என்பதை அவன் ஆடிய அணியிடமும் லீக்கிடமும் எழுத்தில் வாங்குங்கள். தொலைபேசியில் சொன்னது போதாது. அதேபோல ஒரு வருடம் சம்பளத்துக்கு ஆடிவிட்டு வந்தால் எப்போதிருந்து அணியில் ஆடலாம் என்று அந்த ஒன்ராறியோப் பல்கலைக்கழகத்தின் கோச்சிடமும் எழுத்தில் கேளுங்கள். ஒரு வருடம் போய்வந்தாலும் ஸ்கொலர்ஷிப் இருக்கும், அணியும் ஒழுங்கான பதில் சொல்கிறது என்றால் நான் அவனைப் போக விடுவேன். அந்த ஒரு சீசனில் வளர்ந்த ஆட்களோடு ஆடி, தான் எங்கே நிற்கிறேன் என்று அவனே தெரிந்துகொள்வான். போகாமல் வகுப்பில் உட்கார்ந்தால் அந்தக் கேள்வி நான்கு வருடமும் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்திருக்கும். ஸ்கொலர்ஷிப் போய்விடும் என்று எழுத்தில் வந்தால் பல்கலைக்கழகம்தான். ஒரு வருட ஏ.எச்.எல் ஒப்பந்தத்துக்கு நான்கு வருடப் படிப்பை விலையாகக் கொடுக்க நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

போவதென்றால் வீட்டில் முன்கூட்டியே ஒரு பேச்சு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஏப்ரலில் மூவரும் இருந்து கதைப்பது, அணி புதிய ஒப்பந்தம் தருகிறதா, எந்த லீக்கில், எத்தனை நிமிடம் ஆடினான் என்று பார்த்து முடிவு எடுப்பது. அதுவரை தகப்பன் படிப்பைப் பற்றி வாரம் ஒரு தடவை குத்திக்காட்டாமல் இருக்கவேண்டும், மகனும் ஒன்லைனில் ஒரு பாடமாவது எடுக்கவேண்டும். அல்பேர்ட்டாவில் உள்ள அதாபாஸ்கா பல்கலைக்கழகம் முழுக்கத் தொலைக்கல்விதான் நடத்துகிறது, பஸ்ஸில் இருந்தே படிக்கலாம். அந்தப் பாடத்தைப் பிறகு கணக்கில் எடுப்பார்களா என்று ஒன்ராறியோப் பல்கலைக்கழகத்திடம் முதலே கேட்டுவிடுங்கள். பி.கே. சுபான் என்ற டிஃபென்ஸ் ஆட்டக்காரரின் பெயரைக் கேட்டு நம்மவர் என்று நினைக்கும் தமிழர்கள் இங்கே உண்டு. பெற்றோர் கரீபியன் தீவுகளிலிருந்து வந்தவர்கள். தகப்பன் ரொறன்ரோவில் பாடசாலை அதிபராக இருந்தவர். ஓ.எச்.எல்லில் ஆறாவது சுற்றில் எடுக்கப்பட்ட அந்தப் பிள்ளை பெல்வில்லில் நான்கு சீசன் ஆடி, ஹமில்டனில் ஒரு ஏ.எச்.எல் சீசனும் ஆடித்தான் மொன்றியலில் நிலைத்தார். 2013இல் நோரிஸ் வாங்கினார். உங்கள் கணவருக்கு இந்தக் குடும்பத்தின் கதை பிடிக்கும், சொல்லிப் பாருங்கள்.

தலையில் அடிபட்ட வரலாறு ஏதும் இருந்தால், கையெழுத்துக்கு முன் அதைக் கவனித்த மருத்துவரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள். அவன் மறைக்கப் பார்ப்பான், இந்த வயதுப் பிள்ளைகள் எல்லோரும் மறைப்பார்கள். நீங்கள் விடவேண்டாம்.

கோடை முழுக்க ஜிம்மில் எடை ஏற்றிக்கொண்டு கிடக்காமல் வாரத்தில் இரண்டு நாளாவது பனியில் கால் வேலை செய்யச் சொல்லுங்கள்: பின்னோக்கியிலிருந்து முன்னோக்கித் திரும்புவது, இரண்டு பக்கமும், குறிப்பாக அவனுக்கு வராத பக்கம். செப்டம்பர் முகாமில் கோச்மார் முதலில் பார்ப்பது அதைத்தான். ஒப்பந்தத் தாளும் ஸ்கொலர்ஷிப் கடிதமும் கைக்கு வந்ததும் இரண்டையும் பக்கத்தில் வைத்துத் திகதிகளை ஒப்பிட்டுப் பாருங்கள். விளங்காத வரி இருந்தால் எனக்கு எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.